வியாழக்கிழமையைத் திங்கட்கிழமையாக மாற்றியவன் சொல்வது

பெயர் கண்ணையா, வயது 44, த/பெ வரதராஜுலு, கொப்பரைக் களத்தை ஒட்டிய வீடு, தாராபுரம் ரோடு, உடுமலைப்பேட்டை.

நான் மேற்படி விலாசத்தில் குடியிருந்து தேங்காய், கொப்பரை வியாபாரம் செய்து வருகிறேன். வீட்டில் பேசுவது தெலுங்கு, வெளியில் தமிழ், இதைத் தமிழிலேயே சொல்கிறேன். கோயம்புத்தூரிலிருந்து தாராபுரம் வரை என்னைத் தெரியாத ஆளே கிடையாது. அப்படியெல்லாம் எழுத முடியாது என்று உதவி ஆய்வாளர் அம்மா சொன்னதால், உடுமலை மார்க்கெட்டில் சிலருக்கு என்னைத் தெரியும் என்று திருத்திச் சொல்கிறேன்.

என் உடன்பிறந்த தங்கை மானசாவுக்கு வயது 31. அவள் கணவர் ஸ்ரீனிவாஸ் பெருந்துறையில் ஒரு கம்பெனியில் சூப்பர்வைசராக இருக்கிறார். எங்கள் அப்பா அம்மா காலமாகிவிட்டதால் தலைப்பிரசவத்துக்கு மானசா என் வீட்டுக்குத்தான் வந்தாள். அவளுக்குக் கர்ப்பத்தில் சர்க்கரை வந்திருந்தது, வயிறும் பெரிதாக இருந்தது. வயிறு வாசலுக்கு வந்து கால் மணி நேரம் கழித்துத்தான் அவள் வருவாள் என்றும், உள்ளே இருப்பது குழந்தை இல்லை, மீசை வைத்த ஆள் என்றும் நான் தெருவெல்லாம் சொல்லி வந்தேன். "அண்ணா, உங்க வாய்க்கு ஒரு பூட்டு வாங்கிப் போடோணும்" என்று அவளும் சிரித்தாள்.

சென்ற மாதம் முதல் வாரத்தில் ஸ்கேன் எடுத்ததில் குழந்தை நாலு கிலோ இருநூறு கிராம் இருக்கலாம் என்று வந்தது. ஆஸ்பத்திரியில் டாக்டர் ஷ்ரவ்யா அவர்கள் எங்களை உட்கார வைத்து, ஸ்கேன் சொல்லும் எடை ஊகம்தான், நானூறு கிராம் கூடவோ குறையவோ இருக்கலாம் என்று சொல்லிவிட்டு, வலி தானாக வரும்வரை காத்திருக்கலாம், அல்லது நாள் குறித்து மருந்து வைத்து வலி வரவைக்கலாம், அல்லது ஆபரேஷன் செய்யலாம், மூன்றிலும் நல்லதும் இருக்கிறது, சிரமமும் இருக்கிறது, குழந்தை பெரிதாக இருந்தால் தலை வந்த பிறகு தோள் மாட்டிக்கொள்ளும் அபாயம் உண்டு என்று விவரமாகச் சொன்னார். அந்த நேரம் எனக்குப் பொள்ளாச்சி லோடு பற்றி போன் வந்ததால் நான் எழுந்து வெளியே போய்விட்டேன். திரும்பி வந்தபோது மானசா முடிவு செய்திருந்தாள். அடுத்த வியாழக்கிழமை காலையில் சேர்ந்து மருந்து வைத்துக்கொள்வது என்று பேசி எழுதிக்கொண்டார்கள்.

அதன் பிறகு வீட்டுக்கு வந்து தினசரி காலண்டரில் அந்த வியாழக்கிழமையைத் தூக்கிப் பார்த்தேன். ரோகிணி என்று போட்டிருந்தது. ரோகிணியில் பிறக்கும் குழந்தை தாய்மாமனுக்கு ஆகாது என்பது எங்கள் பக்கம் எல்லோரும் சொல்வது. பிறக்கப் போகும் குழந்தைக்குத் தாய்மாமன் நான் ஒருவன்தான். எனக்கு இரண்டு வருடம் முன்பு நெஞ்சில் ஸ்டென்ட் வைத்திருக்கிறார்கள். புலி எதிரே வந்தாலும் வழி கேட்டுப் போகிறவன் நான். ஆனால் அந்தக் காலண்டர் தாளுக்குப் பயந்துவிட்டேன். இதை யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் சிரிப்பார்கள் என்று நினைத்தேன்.

அதன் பிறகு புதன்கிழமை காலை, லீவு போட்டு வந்திருந்த மாப்பிள்ளை ஸ்ரீனிவாஸ் குளிக்கப் போன நேரத்தில், சார்ஜில் கிடந்த அவர் போனை எடுத்து ஆஸ்பத்திரிக்குப் பேசினேன். கல்யாண வீடுகளில் சொந்தக்காரர்கள் மாதிரி குரல் மாற்றிப் பேசிச் சிரிக்க வைப்பது என் வழக்கம். அதே போல மாப்பிள்ளை குரலில், வீட்டில் ஒரு விசேஷம் இருக்கிறது, திங்கட்கிழமை சேர்த்துக்கொள்ளுங்கள் என்றேன். போனை எடுத்த நர்ஸ் சண்முகப்ரியா எழுதிக்கொண்டார். ஐந்து நிமிடத்தில் டாக்டரே அதே நம்பருக்குக் கூப்பிட்டு, "தள்ளிப் போடறது உங்க முடிவுங்க, ஆனா வெள்ளிக்கிழமை அவங்கள ஒருக்கா கட்டாயம் கூட்டிட்டு வாங்க. எடை ஏறியிருந்தா ஆபரேஷன் பத்தி மறுபடியும் பேசோணும். வலி கண்டா அந்த நிமிஷமே கெளம்பிருங்க" என்றார். சரிங்க டாக்டர் என்று மாப்பிள்ளை குரலிலேயே சொன்னேன். பிறகு இரண்டு அழைப்பையும் போனிலிருந்து அழித்துவிட்டேன்.

மாப்பிள்ளை குளித்துவிட்டு வந்ததும், ஆஸ்பத்திரியில் பெட் இல்லையாம், திங்கட்கிழமை வரச் சொல்கிறார்கள் என்று என் சொந்தக் குரலில் சொன்னேன். வெள்ளிக்கிழமை வரச் சொன்னதைச் சொல்லவில்லை. வெள்ளிக்கிழமை போனால் டாக்டர் வாயால் உண்மை வந்துவிடும்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஐந்தரை மணிக்கு மானசா வலிக்கிறது என்றாள். உடனே போனால் வெள்ளிக்கிழமை ஏன் வரவில்லை என்று டாக்டர் கேட்பாரே என்ற பயத்தில், இது சூட்டு வலி அம்மணி, உலகத்தில் ஒரு குழந்தையும் சொன்ன தேதிக்கு முன்னால் வந்ததில்லை என்று சொல்லி சீரகக் கசாயம் வைத்துக் கொடுத்தேன். "மச்சான், போயரலாமுங்க" என்று மாப்பிள்ளை இரண்டு தடவை சொன்னார். நான்தான் வண்டிச் சாவியைத் தரவில்லை. பதினொரு மணிக்கு மேல் அவளால் நிற்க முடியாமல் போன பிறகே கிளம்பினோம். போய்ச் சேரும்போது பிரசவம் நெருங்கிவிட்டது, ஆபரேஷனுக்கு நேரம் கடந்துவிட்டது என்றார்கள்.

நான் பிரசவ அறைக் கதவுக்கு வெளியே நின்றேன். "தலை வந்துருச்சு, தோள் மாட்டிருச்சு, ரெண்டு பேரு ஓடியாங்க, காலை மடக்கிப் பிடிங்க" என்று டாக்டர் சத்தம் கொடுத்தது கேட்டது. எதிர்ச் சுவரில் கடிகாரம் இருந்தது. அதன் பிறகு குழந்தை அழுகிற சத்தம் வரும்வரை இரண்டரை யுகம் ஆயிற்று என்று சொல்ல வந்தேன். இரண்டரை நிமிடம்தான். அதைக் கூட்டிச் சொல்ல வேண்டிய தேவை இல்லை.

பெண் குழந்தை. நாலு கிலோ எழுநூறு. இடது கையை ஆட்டி அழுதது, வலது கை அப்படியே துணி போலக் கிடந்தது. தோளை விடுவிக்கும்போது நரம்பு இழுபட்டிருக்கிறது, பயிற்சி கொடுத்தால் பெரும்பாலும் சில மாதத்தில் சரியாகும், சிலருக்கு முழுசாகச் சரியாவதில்லை என்றார் டாக்டர்.

அதன் பிறகு பெட் இல்லை என்று தள்ளிவிட்டதால்தான் இப்படி ஆனது என்று மாப்பிள்ளை சத்தம் போட்டார். நான் நானூறு பேரைத் திரட்டிக்கொண்டு ஆஸ்பத்திரி வாசலுக்குப் போனேன். எண்ணிப் பார்த்துச் சொல்லும்படி உதவி ஆய்வாளர் அம்மா கேட்டதால், என்னோடு சேர்த்துப் பதினொரு பேர். டாக்டர் ஷ்ரவ்யா வெளியே வந்து, "உங்க நம்பருக்குத்தானுங்களே நானே பேசினேன்" என்று மாப்பிள்ளையிடம் சொன்னார். பச்சைப் பொய் என்று அந்த இடத்தில் அதிகச் சத்தத்தில் கத்தியது நான். மாப்பிள்ளை இந்தக் காவல் நிலையத்தில் கொடுத்த புகார் மனுவின் வாசகத்தை எழுதியதும் நான், ‘ஈவிரக்கமற்ற’ என்ற சொல் உட்பட. அந்த மனுவால் நர்ஸ் சண்முகப்ரியாவை விசாரணை முடியும்வரை வேலைக்கு வர வேண்டாம் என்று நிறுத்தி வைத்திருக்கிறார்கள். அவர் போனில் கேட்டதைக் கேட்டபடி எழுதியவர்.

நேற்று மதியம் மானசா குழந்தையின் வலது கையை மெல்லத் தூக்கி இறக்கிப் பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்தாள். பேச்சுவாக்கில், "மருந்து வெச்சாலும் ஒரு நாளோ ரெண்டு நாளோ ஆகும்னு டாக்டர் அன்னைக்கே சொன்னாங்கண்ணா. வியாழக்கிழமை போயிருந்தா வெள்ளிக்கிழமை வாக்குலதான் பொறந்திருப்பா" என்றாள். நான் லோடு பேச வெளியே போனபோது சொன்னது இது. காலண்டரில் ரோகிணி வியாழன் சாயங்காலத்தோடு முடிகிறது.

அப்போது அவளிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். குரல் மாற்றியது, வெள்ளிக்கிழமையை மறைத்தது, சாவியைத் தராதது எல்லாம். அவள் என்னைத் திட்டவில்லை. "ஏனுங்கண்ணா, பயமா இருக்குதுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, தேதிய நானே டாக்டர்கிட்டக் கேட்டு முறையா மாத்தியிருப்பேனே" என்றாள். கையை இன்னும் நாலு தடவை தூக்கி இறக்கினாள். பிறகு, "மாமன் மடியில உக்கார வெச்சுத்தான் காது குத்துவாங்க. இவளுக்கு அவங்கப்பா மடியே போதுமுங்க" என்றாள். நான் எழுந்து நேராக இங்கு வர நினைத்தேன், ஆனால் இன்று காலைதான் வந்தேன்.

வியாழக்கிழமையே சேர்த்திருந்தாலும் தோள் மாட்டியிருக்காது என்று யாரும் உறுதி சொல்ல முடியாது என்று டாக்டர் சொன்னதாக உதவி ஆய்வாளர் அம்மா தெரிவித்தார்கள். அதை எனக்குச் சாதகமாக எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். டாக்டர் மீதும் நர்ஸ் மீதும் தவறு இல்லை. சண்முகப்ரியாவை வேலையில் திரும்பச் சேர்க்க இந்தத் தாள் உதவுமானால் ஒரு நகலை இன்றே ஆஸ்பத்திரிக்கு அனுப்பும்படி வேண்டுகிறேன்.

எழுதியதைப் படித்துக் காட்டக் கேட்டேன். நான் பெருக்கிச் சொன்ன இடங்களில் அம்மா திருத்தியதே சரி. மற்ற அனைத்தும் நான் செய்தபடியே இருக்கிறது, யாரும் சொல்லிக்கொடுத்துச் சொல்லவில்லை, என் சொந்தக் குரலில் சொன்னேன்.

(ஒப்பம்) வ. கண்ணையா