பாசியை வெட்டாதே என்று சொன்னவன்

நான் பேசத் தொடங்கும் முன்பே கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்ட தலைவர் அவர்களே! உப்பையும் நீரையும் உறவாக்கி, வீட்டுக்கு வீடு ஒரு கடலை வளர்த்துவரும் மூத்த உறுப்பினர்களே! சமையலறை வாளியைச் சத்தமில்லாமல் தூக்கிச் சென்றவர்களைச் சகித்து, சாபமிடாமல் அமர்ந்திருக்கும் தாய்மார்களே! முதல் தொட்டியை முந்தாநாள்தான் வாங்கிய இளைய நண்பர்களே! உங்கள் அனைவரையும் இந்த மீன்கடைக்காரன் இரு கரம் கூப்பி வணங்குகிறேன்.

கடற்பாசித் தொட்டி அமைப்பதையும் பேணுவதையும் பற்றிப் பேசச் சொன்னார்கள். என்ன வாங்க வேண்டும் என்பதை என் கடையிலேயே சொல்லிவிடுவேன். நான் எங்கே தவறினேன் என்பதை எந்தக் கடையில் கேட்பீர்கள்? அதற்குத்தான் இந்த மேடை.

இரத்தப் பரிசோதனைக்கூடத்தில் வேலை பார்க்கும் ஓர் அம்மா என் கடைக்கு வந்தார். அவருடைய கணவர் துறைமுகத்தில் முக்குளிப்பவர். கப்பலின் அடிவயிற்றில் ஒட்டிய சிப்பியைச் சுரண்டுவதே அவர் தொழில். இறங்கினால் எளிதில் ஏறமாட்டார் என்பதால் கூட்டாளிகள் அவருக்கு வைத்த பெயர் 'நங்கூரம்'. பதினெட்டு ஆண்டுகள் நீருக்கடியில் நிமிர்ந்து நின்றவர்! ஒருநாள் ஒரு காது உள்ளே உடைந்தது. இனித் தலை தண்ணீரில் நனையவே கூடாது என்று மருத்துவர் முடித்துவிட்டார். துறைமுகத்தார் அவரைச் சாமான் அறையில் ஒரு நாற்காலியில் உட்காரவைத்தார்கள். உடல் உட்கார்ந்தது. உள்ளம் உட்காருமா? வீட்டுக்கு வந்தால் சாப்பாடு, படுக்கை, சுவரைப் பார்த்த முகம். பேச்சு நின்றுபோயிற்று.

அந்த அம்மா இரண்டரை அடித் தொட்டி வாங்கினார். மணல் பரப்பினார், பாறை அடுக்கினார். நல்ல தண்ணீரில் கடல் உப்பைக் கரைத்து, அளவுகோலில் இரண்டு முறை சரிபார்த்தார். பரிசோதனைக்கூடத்துக் கை அல்லவா! விளக்குப் போட்டு, நீரைச் சுழற்றும் மோட்டார் வைத்து, பச்சை இறகுப் பாசியும் கிளைகிளையாய்ச் சிவப்புப் பாசியும் நட்டார். தண்ணீர் பக்குவப்படும்வரை வாரக்கணக்கில் காத்திருந்து, அதன் பிறகே கோமாளி மீன் ஒன்றையும் கடற்குதிரை ஒரு சோடியையும் விட்டார்.

கணவர் அதைப் பார்த்துவிட்டு ஒரே வரிதான் கேட்டாராம்.

"கடலை எனக்கு டப்பாவுல போட்டுக் காட்டுறியா?"

அதற்கு அந்த அம்மா என்ன சொன்னார் தெரியுமா?

"உங்களுக்காக இல்லைங்க. எனக்கு நீச்சல்கூடத் தெரியாது. பதினெட்டு வருஷமா நீங்க பாத்ததுல ஒரு துளியாவது நானும் பாக்கணும்னுதான்."

அவர் உள்ளே போய்விட்டார். நான்கு மாதம் அந்தத் தொட்டிப் பக்கம் அவர் தலைவைத்துப் படுக்கவில்லை.

பாசியோ வளர்ந்தது. பந்தல்போல் படர்ந்தது. பாறையை மூடியது, பக்கத்துக் கண்ணாடியையும் மூடியது. அந்த அம்மா கடைக்கு வந்து, ரொம்ப அடர்த்தியாகிவிட்டதே, கொஞ்சம் வெட்டலாமா என்று கேட்டார். வெட்டவே வேண்டாம், வளர வளரத்தான் தண்ணீர் சுத்தமாகும் என்று நான் அடித்துச் சொன்னேன். எனக்குத் தெரிந்தா சொன்னேன்? இல்லை. தெரியாது என்று சொல்ல வெட்கப்பட்டுச் சொன்னேன்! ... பின்வரிசையில் ஒருவர் தலையை ஆட்டுகிறார். ஆட்டுங்கள் ஐயா, உங்களுக்கும் அதே அறிவுரையைத்தான் கொடுத்திருக்கிறேன். இன்றைக்கே போய் வெட்டுங்கள்.

ஒரு நாள் காலை. வேலைக்குக் கிளம்பிய அந்த அம்மா தொட்டியைப் பார்த்துத் திடுக்கிட்டார். பச்சையாய் இருந்த இறகுப் பாசி முழுவதும் கண்ணாடித் தாள்போல் வெளுத்துக் கிடந்தது. தண்ணீர் அரிசி கழுவிய நீராய்க் கலங்கியிருந்தது. மீன் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடியது. எனக்கு ஐந்து முறை அழைத்திருக்கிறார். நானோ சரக்கு இறக்கும் மும்முரத்தில் கைப்பேசியை இழுப்பறைக்குள் போட்டிருந்தேன். அந்த அம்மா ஐயோ என்று கத்தியது கேட்டு உள்ளறையிலிருந்து கணவர் வந்தார். தொட்டியின் முன் குனிந்தார். நான்கு மாதத்தில் முதல்முறையாக.

"வெட்டாம விட்டதுல பாசி முத்திப்போய், வித்தைத் தண்ணியில கக்கிட்டுச் சாகுது. கடல்லயும் இப்படித்தான், ஒரே காலைல ஒரு பக்கம் பூரா வெளுத்துடும். அங்க நீரோட்டம் வந்து அள்ளிட்டுப் போயிடும். இங்க அது இல்ல. வாளியை எடு."

என்ன வேகம் அந்தக் கைகளுக்கு! தயாராக இருந்த ஒரு வாளி உப்புநீரில் மீன்களை மாற்றினார். காற்றுக்குழாயை அதற்குள் இறக்கினார். வெளுத்த பாசியை வேரோடு வாரினார். ரப்பர் குழாயால் கலங்கல் நீரை உறிஞ்சி வெளியேற்றினார். அந்த அம்மா உப்பை அளந்து அளந்து புதுநீர் கலக்க, அவர் ஊற்ற, மறுபடி இறைக்க, மறுபடி ஊற்ற... இருவரும் வேலைக்கு விடுப்புச் சொல்ல மறந்தே போனார்கள். கோமாளி மீன் பிழைத்தது. கடற்குதிரைகளில் ஒன்று பிழைத்தது. மற்றொன்று அவர் உள்ளங்கையில் வாலைச் சுருட்டிக்கொண்டே அடங்கிவிட்டது. கையை விரிக்க அவருக்கு மனம் வரவில்லை. மனைவிதான் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து வாங்கிக்கொண்டார்.

நண்பகலில்தான் கைப்பேசியைப் பார்த்தேன்; இரண்டு கேன் உப்புநீரோடு ஓடினேன். கதவு திறந்தே கிடந்தது. ஈரத் துண்டுகளுக்கு நடுவே இருவரும் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். கணவர் பேசிக்கொண்டிருந்தார்! கப்பலுக்கு அடியில் கூரைபோல் கவியும் இருட்டைப் பற்றி, அதன் விளிம்பில் சட்டென்று தொடங்கும் வெளிச்சத்தைப் பற்றி, அங்கே திரும்பிப் போக முடியாது என்று தெரிந்த நாளில் யாரிடமும் சொல்லாமல் அழுததைப் பற்றி. அந்த அம்மா கேட்டுக்கொண்டிருந்தார். நான் வாசலிலேயே நின்றேன்.

என்னைப் பார்த்ததும் கணவர் குரலை உயர்த்தவில்லை.

"வெட்டாதன்னு சொன்னது நீங்களா?"

"ஆமாங்க."

"தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லியிருக்கலாமே."

இருபது ஆண்டு வியாபாரத்தில் என்னை யார் யாரோ ஏசியிருக்கிறார்கள். எதுவும் இப்படிச் சுட்டதில்லை.

இப்போது அந்தத் தொட்டியில் இறகுப் பாசி இல்லை, சிவப்புப் பாசி மட்டும்தான். வாரம் ஒருமுறை அடர்ந்ததில் மூன்றில் ஒரு பங்கைக் கணவர் வெட்டுகிறார், பழைய நீரில் கொஞ்சம் மாற்றுகிறார். மீனின் கழிவுதான் பாசிக்கு உணவு என்பதால், தண்ணீர் ஒரேயடியாய்ச் சுத்தமாகிப் பாசி பட்டினி கிடக்காமல் அந்த அம்மா சோதித்துக் குறித்துவைக்கிறார். போன மாதம் இருவரும் கடற்கரைக்குப் போனார்கள். அவர் முழங்கால் நீரில் நின்று மனைவியின் இடுப்பைப் பிடித்துக்கொள்ள, நீச்சல் தெரியாத அந்த அம்மா முக்குளிக்கும் கண்ணாடி மாட்டிக்கொண்டு முதல்முறையாக முகத்தை நீருக்குள் வைத்தார். நிமிர்ந்ததும் பார்த்ததையெல்லாம் கொட்டத் தொடங்கினார். அவர் நல்ல காதைத் திருப்பி வைத்துக்கொண்டு, மேலே சொல்லு, மேலே சொல்லு என்று கேட்டுக்கொண்டே நின்றாராம்.

அவையோரே! உப்பை அளக்க அளவுகோல் உண்டு. ஒளியை அளக்கக் கருவி உண்டு. உடனிருப்பவர் மனத்தின் கலக்கத்தை எதைக்கொண்டு அளப்பீர்கள்? பக்கத்தில் போய் உட்காருங்கள்! பதில் வரும்வரை உட்காருங்கள்! பாசி அடர்ந்தால் தயங்காமல் வெட்டுங்கள்! பதில் தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்லுங்கள்! இந்த மூன்றையும் மறவாதிருந்தால், மீனும் பிழைக்கும், மனிதரும் பிழைப்பர்!

கடிகாரத்தைத் தலைவர் மீண்டும் கட்டிக்கொண்டுவிட்டார். ஒரு கடைக்காரனின் குற்றத்தைக் குறுக்கிடாமல் கேட்ட உங்கள் பொறுமைக்கு என் நன்றி. நீங்கள் நலமாக இருங்கள், உங்கள் தண்ணீர் தெளிவாக இருக்கட்டும். வணக்கம்.