அப்பாஸியா லிஃப்டில் அகப்பட்ட ஷேக்

உங்கள் போலீஸ் ஸ்டேஷன் தேநீரில் சர்க்கரை கொஞ்சம் தூக்கல், பாஷா. குறையாகச் சொல்லவில்லை. காலமான என் கணவரும் இப்படித்தான் குடிப்பார். என் வாக்குமூலத்தை நிதானமாக எழுதிக்கொள்ளுங்கள், எனக்கு அவசரமில்லை.

அப்பாஸியாவில் உள்ள அந்தக் கட்டடம் என் பெயரில் இருக்கிறது. நான்காவது மாடியில் நான். மூன்றாவது மாடியில் உஸ்தாத் ரஃபத். பள்ளியில் பூகோளம் நடத்தி ஓய்வு பெற்றவர். பழைய வாடகைச் சட்டத்தில் குடிவந்தவர் என்பதால் வாடகையையும் ஏற்ற முடியாது, ஆளையும் கிளப்ப முடியாது. அவர் தரும் மாத வாடகையைக் கொண்டுபோய் நீட்டினால் கடைக்காரன் ஒரு தட்டு ஃபூல் மொச்சை மசியல் கொடுப்பான். ரொட்டி கேட்டால் முறைப்பான்.

என் வக்கீல்தான் விஷயத்தை விளக்கினார். "மேடம் பஹீகா, அந்த ஆளு கட்டை பிரம்மச்சாரி. அவரு கண்ண மூடுனா வீடு உங்க கைக்கு வந்துரும். ஆனா கல்யாணம் கட்டிட்டாருன்னா, அவருக்கப்புறம் கூட இருக்குற பொண்டாட்டிக்கு அந்த உரிமை வந்துரும். அப்புறம் நீங்க அந்தக் கதவை வெளியில நின்னு பாக்க வேண்டியதுதான்."

அன்றிலிருந்து உஸ்தாதுக்குக் கல்யாணம் ஆகாமல் பார்த்துக்கொள்வது, தண்ணீர்த் தொட்டி கழுவுவது, மாடிப்படிக்கு பல்பு மாற்றுவது மாதிரி, என் பராமரிப்பு வேலைகளில் ஒன்றாகிவிட்டது.

முதலில் ஒரு மருந்துக்கடைக்காரரின் தங்கையைப் பேசினார்கள். பெண் வீட்டார் வழக்கப்படி என்னிடம் விசாரிக்க வந்தார்கள். நான் அவரைப் பற்றி ஒரு பொல்லாத வார்த்தை சொல்லவில்லை. தங்கமான மனிதர், சிகரெட் கிடையாது, பௌர்ணமிக்குப் பௌர்ணமி லேசாகக் குரைப்பார், அவ்வளவுதான் என்றேன். அவர்கள் காப்பியைக்கூட முடிக்கவில்லை.

அடுத்தவள் தபால் நிலையத்தில் வேலை பார்த்தவள். அவள் வரும் நாளில் அவருடைய துணிக்கொடியில் குழந்தைகளின் துணியைக் காயப்போட்டேன். பல வயதுக் குழந்தைகளுடையது. மூன்றாவதாக வந்த சம்பந்தத்தாரிடம் உஸ்தாத் காலமாகிவிட்டார் என்று சொன்னேன். அது சற்று அதிகம்தான், ஒப்புக்கொள்கிறேன். துக்கம் கேட்க வந்தவர்களுக்கு அவரே கதவைத் திறந்து, யார் செத்தது என்று கேட்டிருக்கிறார். ஒரு கிழவியை இத்ரீஸ், அவர் எங்கள் வாயில்காவலர், தண்ணீர் தெளித்து எழுப்ப வேண்டியதாயிற்று.

ஒவ்வொரு முறையும் உஸ்தாத் முகம் வாடி மேலே வருவார். "எனக்கு ராசியே இல்ல, மேடம்" என்பார். "எல்லாம் நஸீப், தலையெழுத்து, உஸ்தாத். ஆறிடும், சாப்பிடுங்க" என்று அரிசி அடைத்த புறாவை வைப்பேன். கால் பகுதி அவருக்குப் பிடிக்கும். டைபாய்டு வந்து கிடந்தபோது டாக்டரை அழைத்து வந்ததும், பக்கத்தில் உட்கார்ந்து நெற்றிக்கு ஈரத்துணி போட்டதும் நான்தான். ஏன் அப்படிப் பார்க்கிறீர்கள்? வீட்டில் சாவு விழுந்தால் கட்டடத்துக்குத்தானே கெட்ட பெயர்.

பிறகுதான் இஹ்சான் வந்தாள். ஹெல்வானில் சொந்த வீடுள்ள விதவை, நர்ஸ். குரைக்கும் விஷயத்தை அவளிடமும் சொன்னேன்.

"என் முதல் புருஷன் கடிக்கவே கடிப்பான், மேடம்" என்றாள். "இவரு குரைக்கத்தானே செய்யுறாரு."

கொடியில் தொங்கிய குழந்தைத் துணியை எல்லாம் எடுத்து மடித்து என் வாசலில் வைத்துவிட்டுப் போனாள். அப்படிப்பட்டவளை நேர்வழியில் என்ன செய்ய முடியும்?

வியாழக்கிழமை மதியம் உஸ்தாத் வீட்டுக் கூடத்தில் நிக்காஹ். கல்யாணத்தைப் பதிவேட்டில் எழுதிவைக்க வந்த ஷேக் இம்பாபி கனத்த சரீரம், படி ஏற மாட்டார். இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவில் லிஃப்ட் வரும்போது ஃபியூஸைப் பிடுங்கினேன். புகாரில் கடத்தல் என்று எழுதியிருக்கிறாராம். கடத்தல் என்றால் ஆளை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குக் கொண்டுபோக வேண்டும், பாஷா. இவர் இருந்த இடத்திலேயேதான் இருந்தார். கம்பி வழியாக முலூகியாக் கீரையும் முயல் கறியும் கொடுத்தேன். எலுமிச்சை கேட்டார், அதையும் கொடுத்தேன். மெக்கானிக்கை அழைக்கப் போன இத்ரீஸை, கடை பூட்டியிருக்கிறது என்று பாதி வழியில் திருப்பியதும் நான்தான்.

சாயங்கால அஸர் தொழுகைக்கு பாங்கு சொன்னார்கள். அபசகுனம் என்று பெண்ணின் அண்ணன் முணுமுணுக்க ஆரம்பித்தார். கடைசியில் இஹ்சானே படியிறங்கி வந்தாள். நான் லிஃப்ட் ஓரம் படியில் உட்கார்ந்து ஷேக்குக்கு ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தேன். ஃபியூஸ் என் மடியில் இருந்தது. அவள் அதைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள்.

"இதை முதல்லயே சொல்லியிருந்தா நான் ஹெல்வான்லயே கெடந்திருப்பேனே" என்றாள். கோபமே இல்லை. அவள் எதை எப்படிப் புரிந்துகொண்டாள் என்று எனக்குத் தெரியாது. அண்ணனைக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள்.

மேல்படியில் உஸ்தாத் புது சூட்டில் நின்றார். டை கோணலாக இருந்தது. "ஏன் மேடம்?" என்று மட்டும் கேட்டார். ஃபியூஸ் பழுது என்றேன்.

என் கைப்பையில் நீங்கள் எடுத்த சாவியா? ஆமாம், அவர் வீட்டுச் சாவிதான். அவரே கொடுத்தது. "கல்யாணத்துக்கப்புறம் ஹெல்வான்லதான் இருக்கப் போறோம், மேடம். உங்க வீடு உங்களுக்கே. இத்தனை வருஷம் புடிச்சு வெச்சிருந்ததுக்கு மனசுல ஒண்ணும் வெச்சுக்காதீங்க" என்று சொல்லிக் கையில் வைத்தார்.

எப்போதா? வியாழக்கிழமை காலையில். ஆமாம், ஷேக் வருவதற்கு முன்புதான்.

வீடு கைக்கு வந்த பிறகு எதற்கு ஃபியூஸைப் பிடுங்கினாய் என்று நீங்கள் கேட்பது நியாயமான கேள்வி. அந்தச் சாவியை இத்ரீஸிடம் கொடுத்து உஸ்தாதிடம் சேர்க்கச் சொல்லுங்கள். அடுப்பில் சூப் இருக்கிறது, சூடுபண்ணிக் குடிக்கச் சொல்லுங்கள், அவராக எடுத்துக்கொள்ள மாட்டார். மற்றபடி என் பதில் இதுதான், அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்: குடியிருப்பவர் காலி செய்வதென்றால் முறைப்படி எழுத்தில் தெரிவிக்க வேண்டும். அவர் வாயால்தான் சொன்னார். சட்டப்படி அது செல்லாது, பாஷா. எனக்கு வேறு வழியே இருக்கவில்லை.