வரவேற்பறைத் திரையை நான் உடைத்தது பற்றி

என் பெயர், அப்பா பெயர், வீட்டு முகவரி எல்லாம் முதல் தாளில் தனியாக எழுதிக்கொள்ளப்பட்டன. வயது முப்பத்து நான்கு. கல்யாணம் ஆகவில்லை. அக்கா வீட்டு மாடி அறையில் குடியிருக்கிறேன். ஃப்ரிட்ஜ், வாஷிங் மெஷின் வாங்கியவர்கள் ரிப்பேர் என்று போன் செய்தால் எடுத்துப் பதில் சொல்லும் கம்பெனியில் வேலை பார்க்கிறேன். ஓர் இடத்தில் உட்காராமல் வயர் நீளும் தூரம் வரை நடந்துகொண்டே பேசுவேன் என்பதால் அங்கே எனக்குப் பம்பரம் என்று பெயர். இதை எழுதிக்கொள்ளும் போலீஸ் அதிகாரி என்னை உட்காரச் சொல்லிக்கொண்டே இருக்கிறார். முடியவில்லை, நின்றுகொண்டே சொல்கிறேன் என்றேன். சரி என்றார்.

என் அக்காவின் கணவரும் அதே கம்பெனியில் எனக்குப் பக்கத்து நாற்காலியில் வேலை பார்த்தார். அவரை நான் அத்தான் என்று கூப்பிடுவேன். இந்த வேலையை எனக்கு வாங்கிக் கொடுத்தவர் அவர்தான். எதிர்முனையில் யார் எப்படிக் கத்தினாலும் அவர் குரல் ஏறாது, இறங்காது. அவர் சிரித்து யாரும் பார்த்ததில்லை. சிடுமூஞ்சி என்று சொல்ல மாட்டேன், முகவாகு அப்படி. எதுவாவது மனசுக்குப் பிடித்துவிட்டால் விரலால் மூக்கை ஒரு தடவை தேய்த்துக்கொள்வார், அதோடு சரி. பிரிவில் அவருக்குப் பாறை என்று பெயர் வைத்திருந்தார்கள். அதற்கும் மூக்கைத் தேய்த்துக்கொண்டார்.

போனில் திட்டு வாங்கியே ஆட்கள் வேலையை விட்டு ஓடுகிறார்கள் என்று தலைமை அலுவலகத்துக்குத் தெரிந்த பிறகு, பணியாளர் நலத் திட்டம் என்று ஒன்றை எங்கள் தலையில் கட்டினார்கள். முதலில் ஒரு மசாஜ் நாற்காலி வந்தது. அது ரிப்பேரானபோது யாருக்குப் போன் செய்வது என்று, நாள் முழுக்க ரிப்பேருக்குப் போன் எடுக்கும் எங்களுக்கே தெரியவில்லை. அதன் பிறகு வேலை தொடங்கும் முன் தினமும் சிரிப்புப் பயிற்சி வந்தது. மேஜைகளை ஓரம் தள்ளிவிட்டு வட்டமாக நின்று காரணம் இல்லாமல் சிரிக்க வேண்டும். எந்தப் பிரிவில் ஒருவர் விடாமல் எல்லோரும் மனசு விட்டுச் சிரிக்கிறார்களோ அந்தப் பிரிவுக்கு மாதம் முழுக்கச் சனிக்கிழமை விடுமுறை, மேலும் ஒரு கேடயம். எங்கள் பிரிவுக்கு நான்தான் சிரிப்புத் தலைவன். நடந்துகொண்டே இருப்பவன் சுறுசுறுப்பானவன் என்று நினைத்துக் கொடுத்தார்கள்.

சிரிப்புப் பயிற்சியாளர் முதல் நாளே ஒரு விதி சொன்னார். வெட்கம் முழுதாக விட்டுப்போனவர்கள் தரையில் விழுந்து உருண்டு சிரிப்பார்கள், அதுதான் உச்சம், அப்படி யாராவது விழுந்தால் கையைக் கொடுத்துத் தூக்கிக் கெடுத்துவிடக் கூடாது, கூடவே விழுந்து சிரிக்க வேண்டும் என்றார். அதை எங்கள் எல்லோருக்கும் செய்து காட்டிப் பழக்கினார். நாங்களும் பழகினோம். சட்டை அழுக்காகும் என்று சிலர் வீட்டிலிருந்து பழைய துண்டுகூடக் கொண்டு வந்தார்கள்.

அத்தான் மட்டும் வட்டத்துக்குச் சற்றுப் பின்னால் நின்று, தொண்டையைக் கொப்பளிப்பவர் மாதிரி வாயைத் திறந்து மூடுவார். அவரால் எங்கள் பிரிவுக்குச் சனிக்கிழமை கிடைக்கவில்லை. பிள்ளை குட்டி உள்ளவர்கள் என்னைப் பிடித்துக்கொண்டார்கள். நான் அத்தானைப் பிடித்துக்கொண்டேன். டீ குடிக்கும்போது, "அத்தான், எல்லாரும் என்னைத்தான் கேக்குறாங்க. ஒரே ஒரு நாள் நல்லா சத்தமா சிரிச்சிடுங்களேன், புண்ணியமாப் போகும்" என்றேன். அவர் டம்ளரைக் கழுவி வைத்துவிட்டு, "வரலைன்னா என்னடா பண்றது?" என்றார். "வர்ற மாதிரி நடிங்க" என்றேன்.

அதன் பிறகு வந்த மாதத்தில் ஒரு நாள் காலை நாங்கள் இருவரும் பஸ்ஸைவிட்டு இறங்கி அலுவலகப் படி ஏறும்போது அத்தான் பாதியில் நின்று கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார். நெஞ்சுக்குக் கீழே ஒரு மாதிரி இருக்கிறது என்றார். பயிற்சிக்கு மட்டம் போடப் பார்க்கிறார் என்று நினைத்து, அவர் பையையும் நானே வாங்கிக்கொண்டு முன்னால் ஏறிவிட்டேன்.

அன்று பயிற்சியை அலுவலக கேமராவில் பதிவு செய்தார்கள். அத்தானை என் பக்கத்திலேயே நிறுத்திக்கொண்டேன். சிரிப்பு தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் அவர் வாய் அகலமாகத் திறந்தது, முகம் சிவந்து கண்ணில் தண்ணீர் வந்தது, இடது கையால் என் சட்டையைக் கொத்தாகப் பிடித்தார். "பாறை சிரிச்சிடுச்சு" என்று யாரோ கத்தினார்கள். அவர் மடங்கித் தரையில் சரிந்தார். பிரிவே கைதட்டியது. அதன் பிறகு விதிப்படி எல்லோரும் அவரைச் சுற்றி விழுந்து உருண்டு சிரித்தோம். அவர் என் சட்டையை விடவில்லை, நானும் அவர் சட்டையைப் பிடித்து இழுத்துச் சிரித்தேன். எனக்கு நிஜமாகவே சந்தோஷமாக இருந்தது, அதையும் எழுதிக்கொள்ளுங்கள். முடிக்கும் கைதட்டல் கேட்டு எல்லோரும் எழுந்தோம். அவர் எழவில்லை. ஆஸ்பத்திரியில் டாக்டர், "கொஞ்சம் முன்னாடியே தூக்கிட்டு வந்திருக்கலாமே" என்றார்.

அதன் பிறகு, நலத் திட்டத்தைக் கவனிக்கும் நல அலுவலர் மேடம் வீட்டுக்கு வந்து அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்க வீட்டுக்காரர் சிரிச்சுக்கிட்டேதாம்மா போனாரு, எங்க எல்லாரையும் சிரிக்க வச்சுட்டுப் போனாரு" என்றார். அதுவரை சுவரைப் பார்த்துக்கொண்டிருந்த அக்கா அப்போதுதான் அவர் முகத்தைப் பார்த்தார். அதன் பிறகு துக்கம் விசாரிக்க வந்த எல்லோரிடமும் அக்கா அதையே சொன்னார். என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "இந்த வீட்ல அவர் ஒரு நாளும் சிரிச்சதில்லடா. என்னைக் கட்டினதுலதான் சந்தோஷம் இல்லையோன்னு உள்ளுக்குள்ள அரிச்சுக்கிட்டே இருக்கும். சிரிக்கத் தெரிஞ்ச மனுஷன்தான், இல்ல? நீ பாத்தியா? எப்படி இருந்துச்சு?" என்று கேட்டார். நன்றாக இருந்தது என்று சொன்னேன். வேறு என்ன சொல்வது?

அதன் பிறகு வேலைக்குப் போன முதல் நாள் வரவேற்பறையில் புதிதாகப் பெரிய திரை ஒன்று மாட்டியிருந்தது. அதில் அந்தப் பதிவைத்தான் பாட்டு சேர்த்து ஓட்டிக்கொண்டிருந்தார்கள். அத்தான் வாயைத் திறக்கிறார், சரிகிறார், நாங்கள் விழுந்து உருள்கிறோம், "மகிழ்ச்சியே எங்கள் பலம்" என்று எழுத்து வருகிறது, மறுபடி முதலிலிருந்து அத்தான் வாயைத் திறக்கிறார். கொத்தாகப் பிடித்திருக்கும் அந்தக் கையையும் அதில் மாட்டியிருக்கும் என் சட்டையையும் நான் பார்த்தேன். அன்றிலிருந்து எனக்கு எங்கும் இருப்புக் கொள்ளவில்லை. பின்படியில் ஏறினேன். சாப்பாட்டு நேரத்தை மாற்றிக்கொண்டேன். கழிப்பறைக்கு மேல்மாடி போனேன். போனில் பேசும்போது கால் தானாக வரவேற்பறைப் பக்கம் போய் வயர் இழுத்து நிறுத்தும். வாசல் காவலர் இதைக் கவனித்துவிட்டு, "நீ வர்ற நேரம் மட்டும் அணைச்சு வைக்கிறேன் தம்பி, யார்கிட்டயும் சொல்லாத" என்றார். சொன்னபடி செய்தார். அவருக்கு நான் செய்த கைம்மாறு என்ன என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

நல அலுவலரிடம் அதை எடுத்துவிடச் சொல்லிக் கேட்டேன். "மேடம், அது சிரிப்பு இல்ல. வலி" என்று உடைத்தே சொன்னேன். அவர் முகத்தில் ஈயாடவில்லை. அதன் பிறகு, தலைமை அலுவலகம் பார்த்து ஒப்புக்கொண்ட படம், என் இஷ்டத்துக்கு எடுக்க முடியாது, நீங்கள் துக்கத்தில் இருக்கிறீர்கள், ஆலோசகரிடம் பேச நேரம் வாங்கித் தருகிறேன் என்றார். வாங்கியும் தந்தார். ஆலோசகர் என்னை மூச்சை இழுத்து விடச் சொன்னார். திரும்பத் திரும்பப் போய்க் கேட்டதில் எனக்கும் அவருக்கும் வாய்த்தகராறு ஆனது உண்மை. ஆனால் கம்பெனி புகாரில் சொல்வது போல நான் அவரைக் கையை ஓங்கி மிரட்டவில்லை. பேசும்போது என் கை சும்மா இருக்காது, இப்போதும் பார்க்கலாம்.

அதன் பிறகு அத்தானுக்குச் சிறந்த பங்களிப்புக் கேடயம் கொடுப்பதாகவும் அக்கா நேரில் வந்து வாங்கிக்கொள்ள வேண்டும் என்றும் சொல்லி அனுப்பினார்கள். நான் வேண்டாம் என்று தடுத்தேன். அக்கா கேட்கவில்லை. அந்தப் படம் அங்கே ஓடுகிறது என்று நல அலுவலர் போனில் சொல்லியிருக்கிறார். "அவர் சிரிக்கிறதை ஒரு தடவையாவது பாத்துடறேன்டா" என்றார் அக்கா. அக்காவுக்குப் பிரசவ அறையிலிருந்து வெளியே வந்தபோது எதிரில் நின்ற அத்தானின் முகம் தெரியும், ஜுரத்தில் கிடந்த முகம் தெரியும். அந்த ஆளோடு பதினாறு வருஷம் குடும்பம் நடத்தியவருக்கு, அது சிரிப்பா வலியா என்று பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிடும். சுற்றி உருண்டு சிரிப்பவர்களில் தன் தம்பி இருப்பதும் தெரிந்துவிடும்.

நேற்று காலை வாசல் காவலரிடம் அணைத்து வைக்கச் சொன்னேன். இன்று மட்டும் அணைக்கக் கூடாது என்று மேலிடத்து உத்தரவு, சுவிட்ச் மேல் டேப்பே ஒட்டிவிட்டார்கள் என்று அவர் வருத்தப்பட்டுச் சொன்னார். நான் வரவேற்பறையில் குறுக்கும் நெடுக்குமாக நடந்துகொண்டிருந்தேன். கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்தபோது அக்கா ஆட்டோவிலிருந்து இறங்கி, முகத்தைத் துடைத்து, தலைமுடியைச் சரிசெய்துகொண்டு நின்றார், யாரையோ பார்க்கப் போகிறவர் மாதிரி. மேஜை மேல் கொடுப்பதற்குத் தயாராக வைத்திருந்த கேடயத்தை எடுத்துத் திரையில் அடித்தேன். படம் நின்றது, பாட்டு நிற்கவில்லை. மறுபடி அடித்தேன். தடுக்க வந்த காவலரின் விரலைக் கண்ணாடி கிழித்துவிட்டது. எனக்காகத் திரையை அணைத்த கைதான் அது. அதற்காக மட்டும் அவரிடம் மன்னிப்புக் கேட்டேன், வேறு யாரிடமும் கேட்கவில்லை, கேட்கப்போவதும் இல்லை.

அக்கா உள்ளே வந்து உடைந்த திரையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "ஒரு தடவை பாத்துட்டுப் போறேன்னுதானேடா வந்தேன். அதுகூட உனக்குப் பொறுக்கலையா?" என்று கேட்டுவிட்டு என்னை அறைந்தார். அதன் பிறகு போலீஸ் வந்து என்னை அழைத்து வந்தார்கள்.

என் மேல் போட்டிருக்கும் குற்றத்தை முழுதாக ஒப்புக்கொள்கிறேன். எந்தத் தண்டனை என்றாலும் சரி, வேலை போனாலும் சரி. ஆனால் திரைதான் உடைந்தது, படம் கம்பெனியில் பத்திரமாக இருக்கிறது. அதை அக்காவின் போனுக்கே அனுப்பிவைப்பதாக நல அலுவலர் ஆறுதல் சொல்லியிருக்கிறார். ஆகவே அந்தப் பதிவை இந்த வழக்கின் சாட்சியப் பொருளாக உடனே கைப்பற்றி, இருக்கும் எல்லாப் பிரதிகளோடும் பூட்டி வைக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். கோர்ட்டில் போட்டுப் பார்த்தே ஆக வேண்டும் என்றால் அந்த நேரத்தில் அக்கா உள்ளே இருக்கக் கூடாது. அவர் என்னைப் பொறாமைக்காரன் என்று நினைத்துக்கொள்ளட்டும். அத்தான் அவர் கையால் சாப்பிட்ட ஒவ்வொரு வேளையும் தட்டைப் பார்த்துக் குனிந்து மூக்கைத் தேய்த்துக்கொண்டதை நான் எதிரில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன், அதை மட்டும் என்றாவது ஒரு நாள் அவரிடம் சொல்லிக்கொள்கிறேன்.

மேலே உள்ளவை யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல் நான் சொன்னவை, சொன்னபடியே எழுதப்பட்டவை. என் அக்கா வெளியே பெஞ்சில் எனக்குச் சாப்பாடு வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதால், கதவைச் சாத்திவிட்டு, தணிந்த குரலில் எனக்குப் படித்துக் காட்டப்பட்டது. கேட்டேன். எல்லாம் உண்மை.

(கையெழுத்து)