எல்லாம் சுத்தம், அண்ணா

சட்டைப் பொத்தானுக்குக் காஜா எடுத்துப் பழகிய கண் எனக்கு. எவ்வளவு பொடி எழுத்தானாலும் படித்துவிடுவேன். உன் அப்பாவுக்கோ ரத்தப் பரிசோதனைத் தாளைக் கையில் வாங்கவே பயம். நீ வெளியூரில் படித்துக்கொண்டிருந்தாய், அண்ணியும் உயிரோடு இல்லை. அதனால் தாளை வாங்கிவந்து படித்துச் சொல்லும் வேலை என் தலையில் விழுந்தது. டிராயரில் இருந்த அந்தத் தாள்களைப் பார்த்துவிட்டுக் கேட்கிறாய். சொல்கிறேன்.

குடலில் இருந்த புற்றுநோய்க் கட்டியை எடுத்தபோது, தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்றுதான் நினைத்தோம். டாக்டர் அப்படி நினைக்க விடவில்லை. "திரும்பி வந்தா பெரும்பாலும் முதல் ரெண்டு மூணு வருஷத்துக்குள்ள வரும். கல்லீரல்லதான் அதிகம் வரும். சீக்கிரம் தெரிஞ்சா அதையும் வெட்டி எடுத்துடலாம். மூணு மாசத்துக்கு ஒரு தடவை ரத்தம் பாத்துடுங்க" என்றார்.

அந்த நாள் நெருங்கினாலே அண்ணன் வேறு ஆளாகிவிடுவார். தைத்து முடித்த சட்டையைப் பிரித்து மறுபடியும் தைப்பார். மெஷினுக்கும் வாசலுக்குமாக நடப்பார். ஒரு வாரம் முழுக்க இப்படித்தான். எதிரில் உட்கார்ந்து காஜா எடுக்கிற எனக்கும் வேலை ஓடாது.

நோய் திரும்புவதைக் காட்டும் அளவு ரத்தத்தில் ஐந்துக்குள் இருக்கவேண்டும். ஐந்தாம் தடவை ஏழு என்று வந்தது. அண்ணன் கடைப் படியிலேயே நின்றுகொண்டிருந்தார்.

"என்னம்மா, சொல்லேன்."

"எல்லாம் சுத்தம், அண்ணா."

அன்று மதியம் மூன்று சட்டை தைத்தார். ஒன்றையும் பிரிக்கவில்லை. எனக்கும் அன்றைக்குத்தான் சோறு இறங்கியது.

அடுத்தது பத்தொன்பது. அதற்கடுத்தது அறுபத்துநான்கு. அதே பதிலைத்தான் சொன்னேன். ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. வேறு டாக்டரிடம் காட்டுகிறோம் என்று சொல்லி வைத்துவிட்டேன். ஒன்பது மாதம் அவர் நிம்மதியாக இருந்தார், அந்த நிம்மதி நான் கொடுத்தது. கண் மஞ்சளானபோது கல்லீரல் முழுக்கப் பரவியிருந்தது, வெட்டுவதற்கு இடமில்லை. நாற்பது நாளில் போய்விட்டார்.

ஆமாம், தெரிந்தேதான் மறைத்தேன். தெரியாமல் இருப்பதுதான் மனுஷனுக்கு நிம்மதி என்று இன்றைக்கும் சொல்வேன்.

என் பெயரில் இருக்கும் தாளையும் கேட்டாய். கூடப்பிறந்தவர்களும் குடலைப் பரிசோதித்துக்கொள்ளவேண்டும் என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். ஏழு என்று வந்த மறுநாள் காலையிலேயே பதிவு செய்து, பட்டினி கிடந்து, அந்த வாரமே பார்த்துவிட்டேன். ஒன்றும் இல்லை என்று எழுதியிருக்கிறது, பார். தெரியாமல் எப்படியம்மா இருப்பது?