நம்ம கிணறு

நெய்வேலியிலிருந்து குறிஞ்சிப்பாடி போகும் பேருந்து. முன் இருக்கையில் ஒரு கணவன், மனைவி. கணவர் மடியில் தாம்புக் கயிறு பூனைபோல் சுருண்டு கிடந்தது.

"உள்ள எறங்கினா என்ன? நம்ம கிணறு நம்மள ஒண்ணும் பண்ணாதுடி" என்றார்.

"மைன்ஸ்ல சேஃப்டி கவிதை எழுதி டிபன் பாக்ஸ் வாங்கினவரு பேசுற பேச்சா இது? தண்ணி கீழ போச்சுன்னு டீசல் எஞ்சினையே கிணத்துக்குள்ள எறக்கி ஓட்டிகினு இருக்கான் உங்க தம்பி. நீங்க ஓனருன்னு அந்தப் பொகைக்குத் தெரியுமா?"

"மயக்கம் வந்தா அவன் எறங்கித் தூக்குவான்."

"அவனும் மயங்கினா? ஒரே நாள்ல ஒரே வூட்டுல ரெண்டு தாலிங்க அறுந்துடும்."

பேருந்து நெய்வேலி டவுன்ஷிப்பின் ஆர்ச் கேட்டைத் தாண்டியது. அவர் தம்பிக்குப் போன் போட்டார்.

"எஞ்சின நிறுத்துடா. நான் வர்ற வரைக்கும் யாரும் உள்ள எறங்காதீங்க."

"வந்த பொறவும்" என்றாள் மனைவி.