மெர்போக் ஆற்று முகத்தில் நாரையைப் படம் எடுத்தது பற்றி

என் பெயர் குணவதி. வயது நாற்பத்தொன்று. காலஞ்சென்ற ராமையாவின் மனைவி. சுங்கை பட்டாணியில் அவர் வைத்திருந்த புகைப்படக் கடையை இப்போது நான் நடத்தி, அதன் பின்கட்டிலேயே குடியிருக்கிறேன். ஆண்டு 1943. உங்கள் ஜப்பான் கணக்கில் 2603 என்று போடவேண்டுமாம். போட்டுக்கொள்ளுங்கள், நான் பிறந்தது என் கணக்கில்தான்.

கடலோரப் பறவைகளைப் படம் எடுப்பது என் வழக்கம். யாருக்காகவும் இல்லை, எனக்குப் பிடித்திருக்கிறது. மெர்போக்கில் மளிகைக் கடை வைத்திருக்கும் யஹ்யாவிடம் ஒரு சிறு சம்பான் படகு உண்டு. நேற்றுக் காலை நீர் வற்றும் நேரம் பார்த்து அதில் இருவரும் ஆற்று முகத்துக்குப் போனோம். பறவை மிரளாமலிருக்கச் சம்பானைச் சுற்றிப் கரையோரச் சேற்றில் வளரும் பக்காவ் மரத் தழைகளைக் கட்டி, துடுப்பை உள்ளே எடுத்துவைத்து, நீரோட்டத்தோடு போகவிடுவோம். இதைத்தான் வேவு பார்க்கப் பதுங்கி வந்ததாக எழுதப் பார்க்கிறீர்கள். ஆமாம், பதுங்கித்தான் வந்தோம், நாரைக்குப் பயந்து.

அதன் பின்னர் சேற்றுத்திட்டில் மொட்டைத்தலை நாரை ஒன்று வாயில் விலாங்கோடு நிற்பதைக் கண்டேன். இதற்காக எத்தனையோ காலை காத்திருந்திருக்கிறேன். யுத்தத்துக்கு முன் வாங்கிய கடைசிப் படச்சுருள் கேமராவில் இருந்தது. படம் எடுத்துக்கொண்டிருக்கும்போது கரையிலிருந்து சிப்பாய் ஒருவர் கத்தினார். எழுந்து தலைகுனிந்து வணங்கியிருக்க வேண்டும், அது எனக்குத் தெரியும். நான் வாயில் விரலை வைத்து, சத்தம் போடாதே என்று அவருக்குச் சைகை காட்டினேன். பறவை பார்க்கிறவர்கள் எல்லாரும் அதைத்தான் செய்வார்கள்.

யஹ்யா, "அக்கா, அது ஜப்பான்காரன்லா! கும்பிடுங்க!" என்றார். அதற்குள் சிப்பாய் சுட்டார். நாரை பறந்துவிட்டது. எங்களைக் கரைக்கு இழுத்து, என்னைக் கன்னத்தில் அறைந்து, இந்தக் காவல் நிலையத்துக்குக் கொண்டுவந்தார்கள்.

அதன் பின்னர் இந்த நிலையத்தில் அதிகாரி கேமராவைத் திறக்கப் போனார். "திறக்காதீங்க, வெளிச்சம் பட்டா படம் போயிடும்!" என்று கத்தினேன். குற்றம் வெளிப்பட்டுவிடுமென்று நான் பயப்படுவதாக நினைத்து, அவர் சுருளை உருவி ஜன்னலில் பிடித்துப் பார்த்தார். நான் எடுத்தது நாரையைத்தான் என்று காட்ட இருந்த ஒரே சாட்சி அது. அதை அழித்தது நான் அல்ல. எனக்கு வயிறு எரிகிறது, அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

அதன் பின்னர் மொழிபெயர்ப்பாளர் பக்கிரிசாமி அருகில் வந்து, "யஹ்யாதான் கரையப் படம் எடுக்கச் சொன்னான்னு ஒரு வார்த்த சொல்லுங்கக்கா, நீங்க வீட்டுக்குப் போயிடலாம். அவன மட்டும் சயாம் ரயில் வேலைக்கு ஏத்திடுவாங்க" என்றார்.

"ரப்பர் தோட்டத்துலேர்ந்து அங்க போனவங்க யாராச்சும் திரும்பி வந்தாங்களா, தம்பி?" என்று கேட்டேன்.

சம்பானைக் கேட்டவள் நான். தழை கட்டச் சொன்னவள் நான். படம் எடுத்தவளும் நான். யஹ்யா துடுப்புப் போட்டார், அவ்வளவுதான். அறைந்தவர் மறுபடி அறையலாம், யஹ்யாவின் மேல் ஒரு சொல் என் வாயிலிருந்து வராது.

நீங்கள் எழுதியதை வாசிக்கச் சொல்லிக் கேட்டேன். யஹ்யா என்னைத் தூண்டியதாக, நான் சொல்லாத வரி ஒன்று நடுவில் இருந்தது. அதை நானே மையால் அடித்தேன். மற்றதெல்லாம் நான் சொன்னது, நடந்தது. இனி யாரும் எதையும் சேர்க்க முடியாதபடி, இந்த வரியிலிருந்து தாளின் அடிவரை மிச்சமிருக்கும் இடம் முழுவதையும் அடைத்து என் பெயரை எழுதுகிறேன்.

குணவதி