ஜன்னல் என்றால் கரண்டி

ஐயா, எனக்குக் கவிதை தெரியாது. நாற்காலி தெரியும். ஒரு மணி நேரத்துக்கு மேல் உட்கார வேண்டிய நாற்காலிக்கு முதுகுப் பலகை கொஞ்சம் பின்னால் சாய்ந்திருக்க வேண்டும். என் தச்சுப்பட்டறையை ஒட்டி இருக்கும் அந்தக் கூடத்தில் எல்லாம் விறைப்பான நாற்காலிகள். கவிதை கேட்க வருகிறவர்கள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு வெளியே போவதைப் பார்க்கப் பொறுக்காமல், நாற்பதையும் நானாகவே சரிசெய்து கொடுத்தேன். அப்படித்தான் அந்தக் கூட்டத்துக்குள் போனேன்.

சோதனைக் கவிதை என்பார்கள். ஒரு பெண் தன் கவிதையை எழுதிய தாளை மேடையிலேயே மென்று விழுங்கினாள். ஒருவர் 'ழ' என்ற ஒற்றை எழுத்தை இருபது நிமிடம் வாசித்தார். எனக்குப் பின்னால் இருந்தவர், "இன்னும் உச்சரிப்பு சரியா வரல" என்றார். நானும் சிரித்தேன். நல்ல மனிதர்கள். ஆனால் எது சரி, எது தப்பு என்று அங்கே யாரும் யாருக்கும் சொல்வதில்லை. அது மட்டும் எனக்கு உறுத்தும்.

காற்புள்ளி எனக்கு அங்கேதான் பழக்கம். எந்த வாக்கியத்தையும் முடிக்காமல் இழுத்துக்கொண்டே போவதால் நண்பர்கள் வைத்த பெயர். முப்பது வயது, ஒல்லி உடம்பு, ஆஸ்துமா. பட்டறைக்கு வந்தால் மரத்தூள் பட்டு இருமுவான், மூச்சு மருந்தை இரண்டு முறை இழுப்பான், விட்ட இடத்திலிருந்து பேசுவான். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அவனை வீட்டுக்குக் கூட்டிப்போனேன். நான்தான் கூட்டிப்போனேன்.

என் மனைவி பேருந்து நிலையத்தில் அறிவிப்பாளராக இருந்தவள். அவள் குரலைக் கேட்டுத்தான் ஊரே வண்டி ஏறும். மூன்று வருடத்துக்கு முன் மூளையில் இரத்தம் கட்டியது. கைகால் தப்பியது, சொற்கள் இடம் மாறிவிட்டன. கரண்டியை ஜன்னல் என்பாள். தண்ணீரைச் செவ்வாய்க்கிழமை என்பாள். என்னை நடத்துனர் என்பாள். பயிற்சி கொடுங்கள் என்றார் மருத்துவர். நான் விடாமல் கொடுத்தேன். "ஜன்னல் இல்ல, கரண்டி. சொல்லு" என்பேன். சரியாகச் சொல்லும்வரை கரண்டியைக் கொடுக்கமாட்டேன், தண்ணீரையும் அப்படித்தான். சில நாள் மதியம் தாண்டிவிடும். அக்கறை இருப்பவன்தானே அவ்வளவு மெனக்கெடுவான். போகப் போக அவள் என்னிடம் எதுவும் கேட்பதை நிறுத்திவிட்டாள். தானே எழுந்து எடுத்துக்கொள்ளப் பழகினாள். அதையும் முன்னேற்றம் என்றே நினைத்தேன்.

காற்புள்ளி அவளைத் திருத்தவில்லை. "அக்கா, அப்புறம்?" என்று கேட்டுக்கொண்டு எதிரில் உட்கார்ந்திருப்பான். வாரத்தில் மூன்று நாள் வந்தான். நான் பட்டறையில் இருக்கும்போது வந்தான். ஒருநாள் அளவுகோலை மறந்துவிட்டு வீட்டுக்குத் திரும்பினேன். வாசலில் செருப்பைக் கழற்றும்போது உள்ளே அவள் பேசுவது கேட்டது. தட்டுத்தடுமாறாமல் பேசிக்கொண்டிருந்தாள். நான் உள்ளே நுழைந்ததும் நின்றுவிட்டது. காற்புள்ளி போனைச் சட்டைப் பைக்குள் போட்டான்.

அடுத்த மாதக் கூட்டத்துக்கு அவளையும் அழைத்துவரச் சொன்னான். முன்வரிசையில் உட்காரவைத்தோம். அவன் மேடையேறி, "இது அக்காவோட மொழி. நான் எழுதிக்கிட்டது மட்டும்தான்" என்றான். பிறகு வாசித்தான். ஜன்னலால் கிண்டிய குழம்பு. செவ்வாய்க்கிழமை குடித்தும் தீராத தாகம். அப்புறம் நடத்துனர் வந்தார்.

நடத்துனர் விசில் ஊதுகிறார், பயணியை ஏற்றுவதில்லை. சரியான சில்லறை இல்லையென்றால் இறங்கு என்கிறார்.

நாற்பது பேர் சிரித்தார்கள், ஐயா, நான் சாய்த்துக் கொடுத்த நாற்காலிகளில் வசதியாகச் சாய்ந்துகொண்டு. என் மனைவி வாயைப் பொத்திக்கொண்டாள், தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று எனக்குத் தெரிந்தது. வீட்டுச் சோறு தின்றவன் வீட்டுக்காரியைக் காட்சிப்பொருள் ஆக்கிவிட்டான். வேறெப்படிச் சொல்வது?

வெளியே வந்ததும் கேட்டான், "அண்ணே, அக்கா கவிதை எப்படி இருந்துச்சு?"

"நல்லா இருந்துச்சு" என்றேன்.

மூன்று வாரம் கழித்து அவனே ஒரு பெட்டி வேண்டும் என்று வந்தான். முன்பக்கம் கண்ணாடி, உள்ளே முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்காரும் அளவு, தாழ்ப்பாள் வெளியே. உள்ளே இருந்தபடி ஒரே வாக்கியத்தை முற்றுப்புள்ளி இல்லாமல் மூச்சு முட்டும்வரை வாசிப்பான். முடியாதபோது கண்ணாடியை மூன்று முறை தட்டுவான், நான் திறக்க வேண்டும். "உள்ள மட்டும் வார்னிஷ் வேண்டாம் அண்ணே. அந்த நெடி பட்டா எனக்கு மூச்சு போயிரும்" என்றான். சரி என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை மாலை நான்கு மணிக்கு நிகழ்ச்சி. வார்னிஷ் நன்றாகக் காய மூன்று நான்கு நாளாகும். வெளிப்பக்கம் புதன்கிழமையே பூசிவிட்டேன். உள்பக்கம் ஞாயிற்றுக்கிழமை மதியம் பூசினேன், இரண்டு பூச்சு.

ஏறும்முன் மூக்கைச் சுளித்தான். "நெடி அடிக்குதே அண்ணே?"

"வெளிப்பக்கம்தான்" என்றேன்.

நம்பினான். உள்ளே கையை வாய்வரை தூக்க இடம் இல்லை என்பதால் மூச்சு மருந்தை என்னிடம் கொடுத்தான். "தட்டுனதும் திறந்து இதக் குடுத்துருங்க." அதை என் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். தாழ்ப்பாளைப் போட்டேன். இழுத்தும் பார்த்தேன். செய்த வேலையைச் சரிபார்ப்பது என் வழக்கம்.

முதல் நான்கைந்து நிமிடம் நன்றாகவே வாசித்தான். பிறகு சொற்களுக்கு நடுவில் விசில் சத்தம் வர ஆரம்பித்தது. உள்ளே இருந்த மைக் அதை அழகாக எடுத்துக் கொடுத்தது. கண்ணாடியில் ஆவி படிந்தது. மூன்று முறை தட்டினான். நான் அசையவில்லை. கூடத்தை நடத்தும் அம்மா என்னைப் பார்த்தார். இன்னும் இல்லை என்பதுபோல் தலையசைத்துச் சிரித்தேன், அவரும் சமாதானமாகிவிட்டார். பிறகு முஷ்டியால் குத்தினான். முன்வரிசையில் ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அந்த மாதிரி வாசிப்பை அவர்கள் அதற்குமுன் கேட்டதில்லை.

ஒரே ஒருத்திதான் எழுந்தாள். என் மனைவி. கையை நீட்டி, "திற" என்றாள். "திற, திற." மூன்று வருடத்தில் முதல் தடவையாக, நான் சொல்லிக்கொடுக்காமலே, சரியான சொல்லைச் சரியான இடத்தில் சொன்னாள். அவளும் கவிதையில் ஒரு பகுதி என்று நினைத்து எல்லாரும் அவளுக்கும் சேர்த்துக் கை தட்டினார்கள். எனக்குப் பெருமையாக இருந்தது, அதை மறைக்கமாட்டேன்.

கைதட்டல் அடங்கியபிறகு திறந்தேன். அதற்குள் மூச்சு நின்றிருந்தது. நான் தெரிந்தேதான் செய்தேன். வேறு யாருக்கும் இதில் பங்கில்லை. எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன்.

நேற்று நீங்கள் அவனுடைய போனிலிருந்து எனக்குப் போட்டுக் காட்டிய பதிவைப் பற்றிக் கேட்டீர்கள். "அக்கா, இத எல்லாருக்கும் படிக்கட்டுமா?" என்கிறான். ஒரு பெண் வாய்விட்டுச் சிரிக்கிறாள். "படி. எல்லா வண்டிக்கும் படி. நடத்துனருக்கும் படி" என்கிறாள். அதைச் சம்மதம் என்கிறீர்கள். வண்டிக்குப் படி என்றால் என்ன அர்த்தம், ஐயா? சொல் சரியாக இல்லாதபோது சம்மதம் எங்கிருந்து வரும்? தவிர, அது அவள் சிரிப்பே இல்லை. இருபத்தெட்டு வருடக் குடித்தனத்தில் அவள் என்னிடம் ஒருநாளும் அப்படிச் சிரித்ததில்லை.

இன்று காலை அவள் தங்கை என்னை வந்து பார்த்தாள். அன்றிலிருந்து அக்கா வாயையே திறக்கவில்லை, சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறாள், என் பெயரைச் சொன்னால் எழுந்து அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறாள் என்றாள். துக்கம் என்று நினைக்கிறாள், பாவம், அவளுக்கு என்ன தெரியும். அது நிம்மதி, ஐயா. அவளை என்னைவிடப் புரிந்துகொண்டவர்கள் யார் இருக்கிறார்கள்?